எவர் கையில் மணிக்கயிறு?

மின்னஞ்சல் வந்து சேரும்போது கைப்பேசியில் எழும் ஓசையைப் பற்றி ஒரு திங்களிதழில் எழுதுவதா என்று முகம் சுளிப்போர் இருக்கக்கூடும். பங்கு நண்பர்கள் சிலர் கூடியிருந்த ஒரு மாலையில் இப்பொருளை நான் எடுத்தபோது, "ஒரு பொத்தானை அழுத்தி மாற்றிக்கொள்கிற காரியம். இதற்கும் ஒரு மறையுரையா?" என்று ஒருவர் கேட்டார். மற்றவர்கள் நகைத்தார்கள். அந்த நகைப்புக்கு அன்று நான் விடை சொல்லவில்லை, இன்று சொல்கிறேன்.

பொத்தானை அழுத்தி மாற்றிக்கொள்கிற காரியம்தான், மறுக்கவில்லை. ஆனால் அதை அழுத்தாமல் விட்டவர் தம் செவியைப் பிறர் கையில் ஒப்படைத்துவிட்டார் என்பதே என் வழக்கு. வீட்டு மணிக்கயிற்றை வீதியில் தொங்கவிட்டுவிட்டு, போவோர் வருவோரெல்லாம் இழுக்கிறார்களே என்று நொந்துகொள்ளும் மனிதரைக் கண்டால் நாம் என்ன சொல்வோம்? "கயிற்றை உள்ளே எடுத்துக் கட்டும் ஐயா" என்போம். நம் சட்டைப் பையில் இருக்கும் மணிக்கு மட்டும் ஏன் அதைச் சொல்லிக்கொள்வதில்லை?

மணிக்கு மொழி இருந்தது

நம் முன்னோர் ஓசையை அளந்து பயன்படுத்தியவர்கள். ஆலயமணி ஒன்றுதான், ஆனால் அது பேசிய மொழி பல. மும்மூன்றாக இடைவெளி விட்டு ஒலித்தால் அது மூவேளை மன்றாட்டு. வயலில் நின்றவர் தலைப்பாகையைக் கழற்றினார். விட்டுவிட்டு ஒற்றை ஒற்றையாக ஒலித்தால் அது துக்கமணி. அடுப்படியில் இருந்த பெண் கையைத் துடைத்துக்கொண்டு, "யாருக்கு?" என்று வாசலுக்கு வந்தாள். எவரும் கோபுரத்தருகே சென்று பார்க்க வேண்டியிருக்கவில்லை. ஓசையே செய்தியாக இருந்தது.

இது நம் பங்குகளின் பழக்கம் மட்டுமன்று. திருவிவிலியத்தின் பழக்கமும் ஆகும். எண்ணிக்கை நூலின் பத்தாம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். இரண்டு வெள்ளி எக்காளங்களைச் செய்யும்படி மோசே பணிக்கப்படுகிறார். இரண்டையும் ஊதினால் மக்கள் கூட்டமைப்பு முழுவதும் கூட வேண்டும். ஒன்றை மட்டும் ஊதினால் தலைவர்கள் மட்டும் வரவேண்டும். எச்சரிக்கை ஒலியாக ஊதினால் பாளையங்கள் புறப்பட வேண்டும். போருக்கும் திருவிழாவுக்கும் அவை ஒலிக்கும். அவற்றை ஊதும் உரிமை ஆரோனின் புதல்வருக்கே உண்டு. எவர் ஊதலாம், எதற்கு ஊதலாம், எந்த ஒலிக்கு எவர் எழவேண்டும் என்பதெல்லாம் பாலைநிலத்தில், கூடாரங்களின் நடுவே, சட்டமாக வகுக்கப்பட்டது. ஓசைக்கு ஒழுங்கில்லையேல் பயணமே இல்லை என்பதை அம்மக்கள் அறிந்திருந்தார்கள்.

புனித பவுலும் கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகத்தின் பதினான்காம் அதிகாரத்தில் இதே உவமையைக் கையாள்கிறார். எக்காளம் தெளிவற்ற ஒலி எழுப்பினால் எவன் போருக்கு ஆயத்தமாவான் என்பது அவர் கேள்வி. துறவு மடங்களுக்கு ஆறாம் நூற்றாண்டில் ஒழுங்கு வகுத்த புனித ஆசீர்வாதப்பர், இறைவேண்டலின் நேரத்தை அறிவிக்கும் பொறுப்பை மடாதிபதியின் தோளிலேயே ஏற்றுகிறார். அவரால் இயலாவிடில், கவனம் மிக்க ஒரு சகோதரரிடம் அதை ஒப்படைக்க வேண்டும். மணியடிப்பது எடுபிடி வேலையென்று அம்முனிவர் கருதவில்லை. ஒரு குழுமத்தின் செவியை ஆள்பவன் அதன் வாழ்வையே ஆள்கிறான் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

தமிழருக்கு இது புதிய பாடமும் அன்று. ஐந்திணைக்கும் தனித்தனிப் பறை வகுத்த இலக்கணம் நம்முடையது: குறிஞ்சிக்குத் தொண்டகம், பாலைக்குத் துடி, நெய்தலுக்கு மீன்கோட்பறை. ஒரு வீட்டில் சாப்பறையும் மறு வீட்டில் மணமுழவும் ஒலிக்கும் உலகின் கொடுமையைப் பக்குடுக்கை நன்கணியார் புறநானூற்றில் பாடினார். இரண்டும் வேறு வேறு ஓசையாக இருந்ததனால்தான் அவர் நெஞ்சு நடுங்கியது. இரு வீட்டிலும் ஒரே ஓசை எழுந்திருந்தால் அப்பாட்டுக்கே இடமிருந்திராது.

இன்றோ சாவுச் செய்திக்கும் சலுகை விலைச் செய்திக்கும் நம் பையிலிருந்து எழுவது ஒரே கிணுகிணுப்பு.

இயந்திரத்தின் மணி

கணினிக்கும் மணி அந்நியமானதன்று. 1963ஆம் ஆண்டு ஆஸ்கி என்னும் எழுத்துக் குறியீட்டு முறை வெளியானபோது, அதன் ஏழாம் எண் எந்த எழுத்துக்கும் தரப்படவில்லை, மணிக்குத் தரப்பட்டது. அக்குறி வந்து சேர்ந்தால் தொலையச்சுப் பொறியினுள் இருந்த உண்மையான உலோக மணி ஒலிக்கும். தொலைவில் ஒரு மனிதர் இந்த மனிதரை அழைக்கிறார் என்பது அதன் பொருள். சமூகத் தொடர்புக் கருவிகளைப் பற்றிய இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் விதித்தொகுப்பு வெளியானதும் அதே 1963ஆம் ஆண்டில்தான், டிசம்பர் 4ஆம் நாள்.

1971இல் ரே டாம்லின்சன் ஒரு கணினியிலிருந்து மற்றொன்றுக்கு வலையமைப்பின் வழியே மடல் அனுப்பிக் காட்டினார். 1980இல் பெர்க்கிலியில் உருவான யூனிக்சு இயக்க முறைமையில் 'பிஃப்' என்றொரு சிறு நிரல் இடம்பெற்றது. மடல் வந்தால் உடனே அறிவிப்பது அதன் வேலை. பல்கலைக்கழகத்தில் எல்லாருக்கும் பழக்கமான ஒரு நாயின் பெயரை அதற்கு வைத்தார்கள். 1989இல் எல்வுட் எட்வர்ட்சு என்னும் அமெரிக்க ஒலிபரப்பாளர், தம் மனைவி பணியாற்றிய நிறுவனத்துக்காகத் தம் வீட்டிலேயே ஒலிநாடாவில் நான்கு சிறு தொடர்களைப் பதிந்து கொடுத்தார். 'உமக்கு மடல் வந்திருக்கிறது' என்பது அவற்றுள் ஒன்று. பின்னர் ஏஓஎல் என்று பெயர்பெற்ற அந்நிறுவனத்தின் வழியே அக்குரல் கோடிக்கணக்கான வீடுகளில் ஒலித்தது. 1998இல் ஒரு திரைப்படத்துக்கே பெயராயிற்று. அவர் 2024 நவம்பரில் மறைந்தார்.

அந்நாளில் அக்குரலைக் கேட்டவர்கள் ஓடிச் சென்று பார்த்தார்கள் என்றால், அதற்குக் காரணம் இருந்தது. மடல் என்றால் பெரும்பாலும் எவரோ ஒருவர் உட்கார்ந்து எழுதியது. பிறகு அனுப்பும் செலவு ஒன்றுமில்லாததாயிற்று. வங்கியும் அங்காடியும் பயண முகவரும் அதே வாசலில் வரிசையில் நின்றார்கள். கூட்டம் பெருகியது; மணியோ ஒன்றாகவே நின்றுவிட்டது. பொறியைச் செய்தவர் தொழிற்சாலையிலேயே ஓர் ஓசையை அமைத்து அனுப்பினார். நாமும் அப்படியே ஏற்றுக்கொண்டோம். முன்னமைவு என்று அதற்குப் பெயர். முன்னமைத்தவருக்கு என் தாயும் தெரியாது, என் நோயாளி நண்பனும் தெரியாது. பின் எவர் மடலுக்கு எந்த ஓசை என்று அவர் எப்படி வகுப்பார்?

ஒரு மூன்று வரி மடல்

இங்கே என் குற்றத்தை நானே சொல்லியாக வேண்டும். இல்லையேல் இவ்வளவும் வெறும் வாய்ப்பேச்சு.

என் பள்ளித்தோழர் ஒருவருக்குத் தொண்டையில் புற்றுநோய் வந்தது. அறுவைக்குப் பின் அவரால் பேச இயலவில்லை. தொலைபேசி அவருக்குப் பயனற்றுப் போயிற்று. மின்னஞ்சலே அவருக்குக் குரலாயிற்று. வாரம் ஒருமுறை எழுதுவார். ஓய்வு பெற்ற தமிழாசிரியர் அல்லவா, ஒற்றுப்பிழை இல்லாமல் எழுதுவார். என் கைப்பேசியில் அம்மடல்கள் வரும்போது எழுந்த ஓசையும், காலணிக் கடையின் தள்ளுபடி அறிவிப்பு வரும்போது எழுந்த ஓசையும் ஒன்றே. நாளொன்றுக்கு நாற்பது ஐம்பது முறை அது ஒலிக்கும். முதலில் ஒவ்வொரு முறையும் எடுத்துப் பார்த்தேன், பிறகு சலித்தேன், பிறகு செவி கேளாததாயிற்று.

ஒரு செவ்வாய் மாலை அது ஒலித்தது. நான் எழுதிக்கொண்டிருந்தேன். "மற்றொரு விளம்பரம்" என்று எண்ணியது நன்றாக நினைவிருக்கிறது. வெள்ளிக்கிழமை காலை அவர் ஊரிலிருந்து துக்கச் செய்தி வந்தது. அடக்கத்துக்குப் புறப்படுமுன் மடல்களைத் திறந்தேன். செவ்வாய் மாலையின் அந்த மடல் மூன்று வரிகளில் இருந்தது. நாளைக்கு வர இயலுமா, உன்னைப் பார்க்க வேண்டும், வரும்போது அந்தப் பழைய பள்ளி நிழற்படத்தை எடுத்து வா என்று கேட்டிருந்தார். புதன் முழுவதும், வியாழன் பகல் முழுவதும் அவர் வாசலைப் பார்த்திருந்தார் என்று அவர் மனைவி பின்னர் சொன்னார். குறைசொல்லும் தொனியில் சொல்லவில்லை. அதுதான் இன்னும் கனக்கிறது.

அவர் ஊர்க் கோவிலின் துக்கமணி ஐயத்துக்கு இடமின்றி ஒலித்தது. என் பையிலிருந்த மணி மட்டும் பொய் சொன்னது. பொய் சொல்ல அதற்கு இடம் கொடுத்தவன் நான். அவருடைய முகவரிக்குத் தனியோசை வைக்க எனக்கு ஐந்து நிமிடம் ஆகியிருக்கும்.

"எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள்" என்போர்க்கு

இனி, என்னோடு மாறுபடுவோரிடம் வருகிறேன். முதல் வகையினர் அமைதியின் அன்பர்கள். "ஓசையே வேண்டாம். அனைத்தையும் ஊமையாக்கிவிட்டு, நாளில் இருமுறை நாமே திறந்து பார்த்தால் போதும்" என்பது அவர்கள் அறிவுரை. தியானங்களில் இது இப்போது அடிக்கடி கேட்கப்படுகிறது. இவர்கள் பக்கம் நியாயம் உண்டு; அதை மறைக்கமாட்டேன். 2015இல் ஃபுளோரிடா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வு ஒன்று, அறிவிப்பு ஓசை எழுந்தாலே போதும், கைப்பேசியை எடுத்துப் பார்க்காவிட்டாலும் கவனம் சிதறிப் பிழை மிகுகிறது என்று காட்டியது. ஓசை இலவசமன்று. ஒவ்வொரு கிணுகிணுப்பும் நம் உள்ளத்திலிருந்து ஏதோ ஒன்றைப் பிடுங்கிக்கொண்டே போகிறது.

ஆயினும், முழு ஊமையை அறமென்று போற்ற எனக்கு மனம் வரவில்லை. திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் 2012ஆம் ஆண்டின் உலகச் சமூகத் தொடர்பு நாளுக்கு அளித்த செய்தியை இவர்கள் துணைக்கு அழைப்பதுண்டு. அச்செய்தி அமைதியை மட்டும் பேசவில்லை. அமைதி, சொல் ஆகிய இரண்டையும் சேர்த்துப் பேசியது. திருத்தந்தை பிரான்சிசு 2022இல் அதே நாளுக்குத் தேர்ந்த பொருளோ இதயத்தின் செவியால் கேட்டல். செவியை அடைத்துக்கொள்வது அமைதியாகாது.

திரு அவையின் வழக்கத்தையே பாருங்கள். பெரிய வியாழன் திருப்பலியில் 'உன்னதங்களிலே' பாடப்படும்போது ஒலித்த மணிகள் அதன்பின் ஓய்ந்துவிடுகின்றன. மரக்கட்டையின் தட்டலோசையே அந்நாள்களில் நம்மை அழைக்கிறது. பாஸ்கா திருவிழிப்பில் மீண்டும் 'உன்னதங்களிலே' எழும்போது மணிகளும் எழுகின்றன. அந்த ஓய்வு நம் நெஞ்சைத் தொடுவது மணிகள் திரும்பி வருவதனால்தான். ஓய்வு இவ்வளவு நன்றாயிருக்கிறதே என்று மணிகளைக் கழற்றி விற்றுவிட்ட பங்கு ஏதும் உண்டா?

இன்னொன்றும் கேட்கிறேன். ஆலயத்தில் உறங்கிய சிறுவன் சாமுவேல், தன்னை யாரோ அழைக்கக் கேட்டு ஏலியிடம் ஓடினான். இருமுறை ஏலி அவனைத் திரும்பப் போய்ப் படுக்கச் சொன்னார். மூன்றாம் முறைதான் அழைப்பவர் யாரென்று முதியவருக்குப் புரிந்தது. எப்படி விடை சொல்வதென்று சிறுவனுக்குக் கற்பித்தார். மூன்றாம் முறையும் போய்ப் படு என்றிருந்தால்? எல்லா அழைப்புக்கும் ஓடுவது சிறுபிள்ளைத்தனம். எந்த அழைப்புக்கும் எழாதிருப்பது உறக்கம். யார் குரல் என்று பிரித்தறிவதற்கே ஞானம் என்று பெயர். தன்னை நம்பி ஒருவர்கூட அவசரமாக எழுத மாட்டார் என்று உறுதியாக இருப்பவர் தம் மணியை நிரந்தரமாக அணைத்துவைக்கட்டும். அவரைக் கண்டு நான் பொறாமைப்படமாட்டேன், இரங்குவேன்.

பக்திப்பாடலை வைப்போர்க்கு

இரண்டாம் வகையினர் நம்மவர், பக்தர்கள். இவர்களோடு பேசுவதுதான் கடினம். தனியோசை வைக்கலாம் என்று கற்றுக்கொண்டதும் இவர்கள் முதலில் தேடுவது ஆலயமணியின் ஒலிப்பதிவையோ மரியன்னை பாடலின் முதலடியையோதான். "ஒவ்வொரு மடலுக்கும் ஒரு செபம் நினைவுக்கு வருமே" என்பது இவர்கள் வாதம். எண்ணம் நல்லது, விளைவு நேர்மாறு.

ஓர் ஓசைக்குப் பொருள் எங்கிருந்து வருகிறது? அதைத் தொடர்ந்து வருவதிலிருந்து வருகிறது. உணவுக்கு முன் ஓர் ஓசையை எழுப்பிப் பழக்கினால், உணவே இல்லாதபோதும் அவ்வோசைக்கு நாயின் வாயில் உமிழ்நீர் ஊறும் என்று உருசிய அறிஞர் பாவ்லோவ் காட்டியது பள்ளிப் பிள்ளைகளும் அறிந்த செய்தி. மரியன்னை பாடலைத் தொடர்ந்து மின்கட்டண அறிவிப்பும் அலுவலகக் கடிந்துரையும் கடன் விளம்பரமும் நாள்தோறும் வந்தால், சில திங்களில் அப்பாடல் எதை நினைவூட்டும்? அன்னையை அன்று. போதாக்குறைக்கு, முதலடி முடியுமுன் எரிச்சலோடு விரல் அதை வெட்டிவிடும். செபத்தை இடையில் வெட்டும் பழக்கத்தை நாளுக்கு ஐம்பது முறை பயில்கிறோம்.

எழுந்தேற்றத்தின்போது பீடத்தருகே சிறுமணி ஒலிக்கையில், தலை தாழ்த்தவேண்டிய கைகள் சில சட்டைப் பையைத் தடவுவதை நான் கண்டிருக்கிறேன். அவர்களைக் கடிந்து பயனில்லை. மணிக்குப் பையைத் தடவுவதென்று தம் கையைத் தாமே பழக்கியவர்கள் அவர்கள். மணிகளை மந்திரித்துப் பெயரிட்டு ஏற்றிய மரபு நம்முடையது. அப்படி ஒதுக்கிவைத்ததன் பொருளே, வேறு காரியத்துக்கு அவற்றைப் பயன்படுத்துவதில்லை என்பதுதானே? திருக்கிண்ணத்தில் மோர் ஊற்றிக் குடிப்பவர் எவருமில்லை. திருமணியின் ஓசையில் மட்டும் கடன் விளம்பரத்தை ஊற்றலாமா?

நம் கூட்டுப் பிழையையும் ஒப்புக்கொள்வோம். ஓசை பெருகினால் பக்தி பெருகும் என்று ஒலிபெருக்கிகளின் வழியே மக்களுக்குக் கற்பித்தவர்களில் நாமும் உண்டு. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கி கூடாது என்று 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் நாட்டுக்குச் சொல்ல வேண்டியிருந்தது. தெருவுக்கு அரசு விதி செய்தது. என் தலையணை அருகே ஒலிக்கும் மணிக்கு விதி செய்ய அரசு வராது, நான்தான் செய்யவேண்டும்.

செய்யவேண்டியது

முதலில் ஒரு தாளை எடுத்துப் பெயர்களை எழுதுங்கள். எவர் மடல் வந்தால் நள்ளிரவிலும் நான் எழவேண்டும்? வயது முதிர்ந்த பெற்றோரா, அயல்நாட்டில் தனியே இருக்கும் மகளா, நோயில் கிடக்கும் நண்பரா? ஐந்தாறு பெயருக்கு மேல் வராது, வரக்கூடாது. அப்பட்டியலை எழுதி முடிப்பதற்குள் ஒரு நல்ல ஆன்மச் சோதனையே நடந்து முடிந்திருக்கும். யாரையெல்லாம் எழுதவில்லை என்பதும் தெரியவரும்; யார் என்னைத் தம் பட்டியலில் எழுதியிருப்பார் என்ற கேள்வியும் எழும்.

பிறகு அவர்களுக்கு மட்டும் ஓசை கொடுங்கள். கருவிகள் இதற்கு இடம் தருகின்றன. ஐபோனில் முக்கியமானவர் என்று சிலரைக் குறித்துவைக்கும் வசதி 2012 முதல் இருக்கிறது. அவர்களுடைய மடலுக்குத் தனியோசை வைக்கலாம். ஆண்ட்ராய்டு கைப்பேசியின் ஜிமெயிலில், குறித்த சிலரின் மடல்களை ஒரு தனி வகையில் சேரும்படி வடிகட்டி, அவ்வகைக்கு மட்டும் ஓர் ஓசையை அமைக்கலாம். மேசைக்கணினியில் பழைய அவுட்லுக் வைத்திருப்போர், இன்னார் மடல் வந்தால் இன்ன ஒலிக்கோப்பு ஒலிக்கட்டும் என்று விதியே எழுதலாம். கைவராவிட்டால் வீட்டுப் பிள்ளைகளைக் கேளுங்கள். ஐந்து நிமிடத்தில் முடித்துத் தருவார்கள். எஞ்சிய அனைத்துக்கும் ஊமை. அங்காடிக்கு மணியடிக்கும் உரிமை இல்லை. அது வெளித்திண்ணையில் காத்திருக்கட்டும்.

ஓசையையும் தேர்ந்து வையுங்கள். குறுகியதாகவும் மென்மையாகவும், ஆலயத்திலோ வானொலியிலோ கேட்காத ஒன்றாகவும் இருக்கட்டும். அந்த மனிதரை நினைவூட்டும் ஒலியாயின் இன்னும் நன்று.

என் கைப்பேசியில் இன்று நான்கு பெயர்களுக்கு மட்டும் ஓசை உண்டு. மரப்பலகையை விரல்கணுவால் இருமுறை தட்டும் ஓசை அது. பள்ளி நாள்களில் என் தோழர் எங்கள் வீட்டுக் கதவை அப்படித்தான் தட்டுவார். அவருக்கு அது இனி உதவாது. வாரக்கணக்கில் அது ஒலிக்காமலே இருப்பதுண்டு. ஒலித்தால் எழுந்து போகிறேன்.

பொத்தானை அழுத்தி மாற்றிக்கொள்கிற காரியம் என்று நகைத்த நண்பருக்கு இதுவே என் விடை: ஆம் ஐயா, அவ்வளவு எளியதுதான். எளியது என்பதனாலேயே, செய்யாமல் விட்டவனுக்குச் சொல்ல ஒரு சாக்கும் எஞ்சவில்லை.